சாவா மருந்தின் விலை

மாதுங்காவில் நாற்பது வருஷத்துக்கு மேலாக அரிசிக் கடை வைத்திருப்பவன் நான். கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். கடையில் கூட்டம் குறையும் மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரைதான் எனக்குப் பல்கலைக்கழகம். கல்லாப்பெட்டிக்குக் கீழே சிட்டை நோட்டும் இருக்கும், புறநானூறும் இருக்கும். இப்படிப்பட்ட ஒருவனிடம் மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்களின் துணிச்சலை முதலில் பாராட்டிவிடுகிறேன்.

எதைப் பற்றி எழுதுவது என்று யோசித்தபோது, ஒரு பொங்கல் விழாப் பட்டிமன்றம் நினைவுக்கு வந்தது. பேசியவர்களில் ஒருவர், "சமணப் புலவர்கள் நிலையாமை நிலையாமை என்று பாடிப் பாடியே தமிழனின் வாழ்க்கை ஆசையைக் கெடுத்துவிட்டார்கள்" என்றார். நல்ல கைதட்டல். வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணன், நயினார் வீட்டுப் பிள்ளை என்பது அவர்களுக்குத் தெரியும். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனசில் தைத்துக்கொண்டது.

சாகாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை மனிதனுக்குப் பிறவி ஆசை. அதைப் பற்றிய கதை இல்லாத நாடு இல்லை. அவற்றில் எந்தக் கதை வாழ்வை மதிக்கிறது, எது மதிக்கவில்லை என்று எப்படி எடை போடுவது? வியாபாரிக்குத் தெரிந்த படிக்கல் ஒன்றுதான். ஒரு சரக்கு கைமாறினால் நாங்கள் கேட்பது இரண்டே கேள்வி: சரக்கு யாரிடம் போய்ச் சேர்ந்தது? விலையை யார் கொடுத்தார்கள்? சாவா மருந்துக் கதைகளையும் இந்தப் படிக்கல்லை வைத்தே நிறுத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

நெல்லிக்கனி

எல்லாருக்கும் தெரிந்த கதையிலிருந்து தொடங்குவோம். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி, புறநானூறு 91-ஆம் பாட்டு. பள்ளிப் பாடத்தில் இதைக் கொடைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாட்டை நிதானமாகப் படித்தால் மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன.

முதலாவது, அந்தக் கனி லேசில் கிடைத்ததல்ல. பெரிய மலையின் பிளவுக்குள்ளே, ஏறுவதற்கு அரிய உச்சியில் பறித்தது. கனியைப் பெறப் பட்ட பாடெல்லாம் அவன் பக்கத்தது.

இரண்டாவது, அதை உண்டால் என்ன நன்மை என்பதை அவன் சொல்லாமல் தனக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தான். சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருக்க மாட்டாள். பெறுகிறவர் மனசில் கடன் ஏறாதபடி கொடுத்த கொடை அது. எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட கணக்கை நான் பார்த்ததே இல்லை.

மூன்றாவது, ஔவையின் வாழ்த்து. நிலைத்து வாழ்க என்று வாழ்த்த எத்தனையோ தெய்வங்கள் இருக்க, நீலமணி போன்ற கழுத்தையுடைய ஒருவனைப் போல நிலைபெறுக என்கிறாள். ஏன் சிவபெருமானை, அதிலும் அந்தக் கழுத்தைச் சொல்லி வாழ்த்த வேண்டும்? அமுதம் கடைந்த கதையில் மற்றவர்கள் அமுதத்துக்குக் காத்திருந்தபோது நஞ்சை ஏற்றுக்கொண்டவர் அவர். எல்லாருக்குமான விலையைத் தன் கழுத்தில் வாங்கியவர். தன் பங்கை விட்டுக்கொடுத்தவனுக்குப் பொருத்தமான உவமையைத்தான் ஔவை தேடி எடுத்திருக்கிறாள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஔவை என்றாலே நமக்குக் கோலூன்றிய பாட்டிதான் நினைவுக்கு வருகிறாள். 1953-இல் வந்த ஜெமினி படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அந்த உருவத்தை நிலைநிறுத்திவிட்டார். ஆனால் சங்கப் பாட்டின் ஔவை அந்தக் கிழவி அல்ல. புறநானூறு 89-இல் பகை மன்னன் ஒருவன் கேள்வி கேட்பதே ஓர் அழகிய இளம் விறலியிடம்தான். கிழவிக்குக் கொடுத்தான் என்றால் அதில் இரக்கம் கலந்துவிடும். தன்னைப் போலவே வாழ வேண்டிய வயதுள்ள ஒருத்திக்குக் கொடுத்தான் என்று படித்தால்தான் கொடையின் கனம் தெரிகிறது.

கதை அதோடு முடியவில்லை. அதியமான் போரில் மாண்டான். அவனுக்கு நடுகல் நட்டுப் படையல் வைப்பதைக் கண்டு 232-ஆம் பாட்டையும், அவன் மார்பைத் துளைத்த வேல் வேறு யார் யாரையெல்லாம் துளைத்தது என்று கதறி 235-ஆம் பாட்டையும் பாடியவள் அதே ஔவை. கனியை உண்டவள் இருந்தாள், கொடுத்தவன் போய்விட்டான். நீண்ட ஆயுள் என்பது வேண்டியவர்களின் சாவைப் பார்த்துக்கொண்டு இருப்பதும்தான். இதையும் சேர்த்தே அந்த நெல்லிக்கனியை எடை போட வேண்டும்.

உருக் நகரத்து அரசன்

இதே போன்ற ஓர் அரசன் கதை மேற்கே மெசபொடேமியாவில் களிமண் பலகைகளில் கிடைத்தது. அசுர்பனிபால் மன்னனின் நினிவே நூலகத்துப் பலகைகளை ஜார்ஜ் ஸ்மித் என்பவர் 1872-இல் லண்டனில் படித்துச் சொன்ன பிறகு உலகம் அதை அறிந்தது. அதுதான் கில்காமெஷ் காவியம்.

உருக் நகரத்து அரசன் கில்காமெஷ். உயிர் நண்பன் எங்கிடு கண்முன்னே செத்துப் போக, தனக்கும் இதுதானே கதி என்று நடுங்கி, பிரளயத்தில் தப்பிச் சாகா வரம் பெற்ற கிழவரைத் தேடி அலைகிறான். கடைசியில் கடலின் அடியிலிருந்து இளமை தரும் செடி ஒன்றைப் பறிக்கிறான். ஆனால் உடனே தின்னவில்லை. ஊருக்குக் கொண்டுபோய் முதலில் ஒரு கிழவருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு தானும் தின்னலாம் என்று எண்ணுகிறான். வழியில் குளிக்க இறங்கிய நேரத்தில் ஒரு பாம்பு வந்து செடியைத் தின்று, சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது.

இதில் எனக்குச் சிரிப்பும் வரும், இரக்கமும் வரும். மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்கிற எங்கள் புத்திதான் அவனுக்கும்! இரண்டு அரசர்களுமே அரிய மருந்தைத் தேடி எடுத்தவர்கள். இருவருமே அதை இன்னொருவருக்குத் தர நினைத்தவர்கள். ஒருவன் சோதனைக்குத் தர நினைத்தான், மற்றவன் முழுசாகவே தந்துவிட்டான். அதே சமயம் கில்காமெஷைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கடலில் மூழ்கியவன் அவனே, கையிலிருந்ததை இழந்து அழுதவனும் அவனே. வேறு யார் தலையிலும் விலையைக் கட்டவில்லை. வெறுங்கையோடு திரும்பித் தன் ஊரின் மதிலைப் படகோட்டிக்குக் காட்டுவதோடு அந்தக் கதை முடிவது அதனால்தான் கௌரவமாக இருக்கிறது.

விலையைப் பிறர் தலையில் கட்டிய கதைகள்

பாற்கடல் கதையை என் படிக்கல்லில் வைத்தால், பக்தர்கள் மன்னிக்க வேண்டும், அது பங்காளியை ஏமாற்றிய கூட்டு வியாபாரம். கடைந்தவர்கள் இரு தரப்பார். அமுதம் போனது ஒரு தரப்புக்கு. மோகினி வடிவம் வந்து பந்தியைப் பிரித்துவிட்டது. இடையில் புகுந்து ஒரு வாய் உண்டவன் தலை வேறு உடல் வேறு ஆனான். ராகு கேது என்று சூரிய சந்திரரை அவன் இன்னும் விடாமல் துரத்துவதாகச் சொல்கிறோமே, தீராத கணக்கு என்றால் அதுதான்.

மகாபாரதத்து யயாதி இன்னும் நேரடியான ஆசாமி. சுக்கிராச்சாரியார் சாபத்தால் கிழவனானவன், தன் மூப்பை வாங்கிக்கொண்டு இளமையைத் தருமாறு பெற்ற பிள்ளைகளையே கேட்கிறான். மூத்தவர்கள் மறுத்துவிட, கடைசி மகன் பூரு கொடுக்கிறான். ஆயிரம் வருஷம் அனுபவித்த பிறகு, அனுபவிப்பதால் ஆசை அடங்காது என்று கண்டு இளமையைத் திருப்பித் தருகிறான் தகப்பன். நாம் வாழும் இந்த மராத்தி மண்ணின் காண்டேகர் 1959-இல் 'யயாதி' என்ற நாவலே எழுதி, பிறகு அதற்கு ஞானபீடமும் பெற்றார். கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் தம் முதல் நாடகமாக 'யயாதி'யை எழுதியபோது, பூருவுக்கு ஒரு மனைவியைச் சேர்த்தார். ஒரே நாளில் கிழவனாகிவிட்ட கணவனைப் பார்த்த அந்தப் பெண் நஞ்சுண்டு சாகிறாள். மூல நூல் கேட்காமல் விட்ட கேள்வியைக் கர்னாட் கேட்டார் என்பேன். தகப்பன் வாங்கிய கடனில் மகன் கொடுத்தது அசல். மருமகள் கொடுத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாக்கோழி

இனி எங்கள் வீட்டுச் சொத்துக்கு வருகிறேன். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று யசோதர காவியம். சமண நூல்தான். இதே கதையைக் கன்னடத்தில் ஜன்னன் என்ற புலவர் 1209-இல் பாடினார். அதையும் கர்னாட் நாடகமாக்கியிருக்கிறார்.

உஞ்சயினி அரசன் யசோதரன். அவன் மனைவி பெயர் அமிர்தமதி. பெயரில் அமுதம் இருக்கிறது, கையில் இருப்பது நஞ்சு என்பது பின்னால்தான் தெரியும். அவள் யானைப்பாகன் ஒருவனிடம் மனசைக் கொடுத்ததைக் கண்ட அரசன் உலகத்தை வெறுக்கிறான். தாய் சந்திரமதியிடம் உண்மையைச் சொல்ல நா எழாமல், கெட்ட கனவு கண்டதாகச் சொல்லி வைக்கிறான். பெற்ற வயிறு பதறுகிறது. மகன் உயிருக்கு ஆபத்து என்று எண்ணி, தேவிக்குப் பலி கொடு என்கிறாள். உயிர்க்கொலை கூடாது என்று மகன் மறுக்க, சரி, மாவினால் கோழி செய்தாவது பலி கொடு என்று வற்புறுத்துகிறாள். தாய் சொல்லைத் தட்ட முடியாமல் அவனும் அந்த மாக்கோழியை வெட்டுகிறான். பிறகு மனைவி வைத்த விஷ உணவில் தாயும் மகனும் மாண்டு, மயிலும் நாயுமாகத் தொடங்கிக் கோழிகளாக முடியும் விலங்குப் பிறவிகளில் உழல்கிறார்கள். நாயாய்ப் பிறந்த தாய், மயிலாய்ப் பிறந்த மகனைத் தானே கவ்விக் கொல்கிறாள்.

வெறும் மாவுக்கு இவ்வளவு தண்டனையா என்று இளவயதில் எனக்கே கோபம் வந்தது உண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. இந்தக் காவியம் கோழிக்கு மட்டும் பரிந்து பேசவில்லை. 'என் பிள்ளை சாகக் கூடாது, அதற்காக வேறொன்று சாகட்டும்' என்று ஒரு மனசு தீர்மானித்துவிட்டால், கத்தி விழுந்தது மாவின் மேலா சதையின் மேலா என்பது பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது. அதிலும் அந்தத் தீர்மானத்தை எடுத்தது பகை அல்ல, தாயன்பு. அன்பே விலையைப் பிறர் தலையில் கட்டும் என்று சொன்ன துணிவு வேறு எந்தக் காப்பியத்தில் இருக்கிறது? இந்தக் கதையை நரபலி மேடையில் நின்று மாரிதத்தன் என்ற அரசனுக்குச் சொல்லும் பிள்ளைகளின் பெயர் அபயருசி, அபயமதி. அச்சத்தில் பிறந்த பலியின் கதையை அச்சமற்றவர்கள் சொல்லித் தடுக்கிறார்கள். இது வாழ்க்கை ஆசையைக் கெடுக்கிற நூலா? நிலையாமை பாடிய நாலடியாரும், செல்வம் நில்லாது, ஆகவே இருக்கும்போதே கொடு என்றுதானே முடிக்கிறது?

கோமுகிக் கரை

எங்களவரை விட்டு எதிரணிக்கும் போகிறேன். மணிமேகலை பாடிய சாத்தனார் பௌத்தர். எங்கள் சமயத்தைக் கேலி செய்தவர். ஆனாலும் ஆபுத்திரன் கதைக்காக அவரைக் கைகூப்பி வணங்குவேன்.

ஆபுத்திரன் கையில் அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாத சோறு. அமுதம் என்ற சொல்லைச் சாத்தனார் வானுலகத்திலிருந்து இறக்கிப் பசித்தவன் இலையில் வைத்துவிட்டார். அரிசிக் கடைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்! அவன் கப்பலில் போகும்போது மணிபல்லவத் தீவில் தனியே விடப்படுகிறான். ஆள் இல்லாத தீவு. கையிலோ வற்றாத பாத்திரம். பசி என்பதே இல்லாமல் எத்தனை காலமும் இருக்கலாம். அவன் என்ன செய்தான்? கொடுக்க ஆளில்லாத இடத்தில் தான் மட்டும் உண்டு உயிர் வளர்க்க மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

இந்திரர் அமுதமே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்களால்தான் உலகம் இருக்கிறது என்று புறநானூறு 182-இல் பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. சாவா மருந்தே ஆனாலும் விருந்தாளியை வெளியே வைத்து உண்ணாதே என்று விருந்தோம்பலில் வள்ளுவரும் சொன்னார். அரசன், புலவர், பௌத்தர் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். சாகா வரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தனியாக வேண்டாம் என்கிறார்கள்.

ஐம்பத்தேழு நாள்

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு பாறை. அதில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் செதுக்கியிருக்கிறார்கள். சிறுவயதில் மேல்சித்தாமூர் மடத்துக்குப் போன ஒரு சமயம் அப்பா என்னை அங்கே அழைத்துப் போனார். சந்திரநந்தி ஆசிரியர் என்பவர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டதைச் சொல்லும் பழைய கல்வெட்டு அங்கே உண்டு. "இவருக்குப் பசிக்கலையாப்பா?" என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை.

சல்லேகனை என்ற இந்த நோன்பைத் தற்கொலை என்று 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சொல்லியது. அதே மாதக் கடைசியில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தீராத நோய், தள்ளாத மூப்பு போன்ற நிலைக்கே எங்கள் நூல்கள் இதை வைத்தன. நோன்பு கெடும் வழிகளாக அவை சொல்லும் குற்றங்களில், இன்னும் வாழ வேண்டும் என்று ஆசைப்படுவதும் உண்டு, சீக்கிரம் சாக வேண்டும் என்று ஆசைப்படுவதும் உண்டு. பட்டிமன்ற நண்பர் இதை அறிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

இவ்வளவும் படித்தவன் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் என் அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் வாழ்ந்தவர். "போதும்பா தம்பி, சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடறேன், நம்ம ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடு" என்றார். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்மா" என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இருபத்து மூன்று நாள் இயந்திரத்தில் மூச்சு ஓடியது. மருத்துவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டார்கள், கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு ராத்திரி பத்து மணிக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நர்ஸ் மூக்குக் குழாயில் ஆகாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா கண் திறந்திருந்தது. எனக்கு நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. பையில் யசோதர காவியம் இருந்தது.

செலவை நாங்கள் மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டோம். பணம் கொடுத்தவர்கள் நாங்கள். விலை கொடுத்தவர் அம்மா. அவரை இழக்க எனக்கு மனசில்லை என்பதற்காக அவர் தம் வாழ்நாள் விரதத்தைக் கொடுத்தார். சந்திரமதி மகனுக்காகச் செய்ததை நான் தாய்க்காகச் செய்தேன். அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன்.

வைத்தியமே வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல நான் வரவில்லை. நெல்லிக்கனி பறிக்க மலையேறியது தப்பில்லை. ஆனால் வீட்டில் இப்படி ஒரு நேரம் வரும்போது, இந்த விலையை யார் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். படுத்திருப்பவரிடமே கேட்டாலும் நல்லது. நம் பழைய நூல்கள் அதற்கு உதவும். கட்டுரையில் பிழையிருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

உயிர் காக்கும் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என உச்சநீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்புச் சொன்ன பிறகு, நானும் ஒரு காகிதம் எழுதிக் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பொழுது சாய்ந்தபின் எனக்கு ஒன்றும் ஊற்ற வேண்டாம் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். மகனிடம் காட்டினேன். "சரிப்பா, அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றான்.